செல் அடிக்குது

ஓடுகிறேன். ஒரு கையில் கஞ்சி வாளி. மற்றக் கை வெறுங்கை. என் மகள் சுகி பங்கருக்குள், பதுங்குகுழிக்குள் இருக்கிறாள். அம்மாவும் உள்ளே. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலைந்து தரப்பாள் கூடாரங்கள். அவ்வளவுதான் தூரம்.

டும்.

அது குத்துகிற சத்தம். கடல்நீரேரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஆமி குத்துகிறான். குத்தினால், பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் தலைக்கு மேலால் போனால் அது வேறு யாருக்கோ. கூவல் கேட்காமல் வருவதுதான் நமக்கு. இது அன்றைக்கு வன்னியில் குழந்தைக்கும் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பது. சித்திரை மாதம். காலை வெயில் ஏறுகிற நேரம்.

"செல் அடிக்கிறாங்கள்! விழுந்து படுங்கோ!"

கத்தியது நான். நானும் விழுகிறேன். வாளி கவிழ்கிறது. கூவலுக்குக் காது கொடுக்கிறேன். கேட்கவில்லை.

பிறகு மண். வாய்க்குள் மண். காதுக்குள் ஒரே இரைச்சல். எழும்பிப் பார்க்கிறேன். பங்கர் வாசலில் அரக்கு நிறத் துணி துண்டு துண்டாகக் கிடக்கிறது. என் கல்யாணக் கூறைச் சீலை. மண் மூட்டை தைக்க வேறு துணி இல்லை என்று அம்மா அதை வெட்டித் தைத்திருந்தார். ஒரு சீலையில் ஏழெட்டு மூட்டை வரும். நான் கையால் மண்ணை அள்ளினேன். பக்கத்துக் கூடாரத்துச் சனமும் வந்து அள்ளியது. முதலில் அம்மா வந்தார். அம்மாவுக்குக் கீழே சுகி. அம்மா அவளுக்கு மேலே படுத்திருந்தார். அப்படிப் படுத்தும் பிரயோசனம் இருக்கவில்லை.

நாங்கள் நின்ற அந்த இடத்துக்குப் பெயர் பாதுகாப்பு வலயம். பெயர் வைத்தது அரசாங்கம். விமானத்தில் நோட்டீஸ் போட்டு வரச் சொன்னது. வந்தோம். அன்று பின்னேரம் பக்கத்துக் கூடாரத்து ரேடியோ பேசியது. பெரிய ஆயுதம் எதையும் பாவிக்கவில்லையாம். சனத்தில் ஒருவருக்கும் சேதமில்லையாம். நான் அப்போதுதான் இரண்டு பேரையும் புதைத்துவிட்டுக் கை கழுவி வந்திருந்தேன். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது.

செல் என்பது எறிகணை. பேப்பர்காரர் எறிகணை என்றுதான் எழுதுவார்கள். ஓடுகிற வாய்க்கு அத்தனை எழுத்து எங்கே. எங்களுக்கு செல். அடித்தால், செல் அடிக்கிறான். இந்த ஒரு சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்பு என் தம்பி. இதைச் சொல்ல வேண்டாம் என்று எனக்குப் பல பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் புத்தி குறைவு. சொல்கிறேன்.

ரூபனுக்குப் பதினேழு வயது. செல் விழுவதற்குச் சில கிழமை முன்னால் இயக்கத்துப் பெடியள் கூடாரத்துக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்றார்கள். ரூபன் அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். இழுத்தார்கள். அம்மா ஒருவனின் காலைப் பிடித்தார். அவன் வானத்தைப் பார்த்துச் சுட்டான். அவனுக்கும் மீசை முளைக்கவில்லை. "அக்கா, விடாதேங்கோ!" என்று ரூபன் கத்தினான். நான் விடவில்லை. சட்டைதான் என் கையில் மிச்சம். பிறகு செய்தி மட்டும் வந்தது. முன்னரங்கில் முடிந்தான் என்றார்கள். உடல் வரவில்லை. சனம் தாங்களாக விரும்பித்தான் எங்களோடு நிற்கிறது என்று இயக்கத்துத் தலைவர்களும் அப்போது உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் ரேடியோவில்தான் கேட்டேன். அதே ரேடியோ.

கடைசியில் இவர். என் மனுசன். தவராசா. வைகாசியில் நாங்கள் பாலத்தைத் தாண்டி ஆமியிடம் போனோம். ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். இயக்கத்தோடு ஒருநாள் இருந்தவரும் பதிந்துவிட்டுப் போங்கள். விசாரித்துவிட்டு விடுவோம். இவர் இயக்கத்துக்கு டிராக்டர் ஓட்டியவர். அரிசி ஏற்றினவர். துவக்குத் தொட்டதில்லை. "ஒளிச்சால்தான் பிழை, போயிட்டு வாறன்" என்றார். பச்சை நிற பஸ். யன்னல் ஓரம் இருந்தார். கை காட்டினார். பஸ் போனது.

முகாமில் கேட்டேன். அப்படி ஒரு பஸ் இல்லை என்றார்கள். பிறகு ஒரு அதிகாரி நல்ல மாதிரியாகப் பேசினார். இறந்துவிட்டார் என்று எழுதித் தருகிறோம், கையெழுத்து வை, உதவி கிடைக்கும் என்றார். யார் கொன்றது என்றும் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். என்னைப் போகச் சொன்னார்.

இப்போது அம்பத்தூரில் இருக்கிறேன். கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை வீடு. போலீஸ் ஸ்டேஷனில் வெளிப்பதிவு. அதாவது முகாமில் இல்லாத அகதி. வோட்டு இல்லை. தொழிற்பேட்டையில் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறேன். அம்மாவின் தையல் கை எனக்கும் வந்திருக்கிறது.

கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப். தகடு அடிக்கிற இடம். டும். டும். டும். முதல் நாள் மெஷினுக்கு அடியில் புகுந்துவிட்டேன். பிறகு பழகினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பழகவில்லை. அது நாள் முழுக்கக் குத்துகிறது. கூவல் இல்லை. ஒன்றும் வந்து விழுவதில்லை. விழுந்து தொலைத்தாலாவது எழும்பிப் பார்க்கலாம். சாயங்காலம் பிரஸ் நிற்கும்போது எனக்குத் தோள் இறங்கும்.

சேர்ந்த முதல் வாரம். மத்தியானச் சாப்பாடு. டிபன் டப்பாக்கள் திறக்கிற சத்தம். எனக்குப் பின்னால் ஒருத்தி உரக்கக் கத்தினாள்.

"செல் அடிக்குது! செல் அடிக்குது!"

நான் விழுந்து படுத்தேன். பக்கத்தில் இருந்தவளின் கழுத்தைப் பிடித்து அவளையும் தரையில் அமுக்கினேன். அவள் மேல் படுத்துக்கொண்டேன். சாம்பார் முழுக்க எங்கள் மேல்.

"இன்னாக்கா! ஏன்க்கா என்னை அமுக்கிகினு கீற? உன் செல்லுதான் அடிக்குது, எட்துப் பேசு!"

அவள் பெயர் கோமதி. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். இவர்கள் ஊரில் செல் என்றால் கையில் வைத்துப் பேசுகிற போன். மணி அடித்தால், செல் அடிக்குது. எழுத்துக்கு எழுத்து அதே பேச்சு. தமிழ் பேசுகிற நாட்டுக்குத்தானே வந்தேன் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கப் பல்லுக் கிட்டிவிட்டது. கோமதி என் தலையைத் தன் மடியில் வைத்து, முகத்துக்குத் தண்ணீர் அடித்து, என்ன என்று கேட்டாள். அந்தச் சொல்லை மட்டும் சொன்னேன். எங்கள் ஊரில் அது என்ன என்று.

மறுநாள் எங்கள் தையல் வரிசையில் யாரும் செல் என்று சொல்லவில்லை. போன் என்றார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் கோமதி முதல் நாளே சொல்லிவிடுவாள். "ந்தா, இங்க செல்லுன்னு வாய்ல வரக்கூடாது, ஆமா." யாரும் அவளுக்குச் சட்டம் போடவில்லை. எனக்காக ஒரு தையல் வரிசை முழுக்க ஒரு சொல்லை விட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நீதி என்றால் அது ஒன்றுதான். பகிடிக்குச் சொல்லவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட வைகாசியில் எங்கள் வட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஒரு கட்சிக்காரர். பெயர் சேகர். தெருவில் எல்லாருக்கும் அண்ணாத்தே. தண்ணீர் லாரி வராவிட்டால் அவரிடம்தான் போவோம். கெட்ட மனிதர் இல்லை.

"யக்கா, நம்ம பஸ் ஸ்டாப்பாண்ட நினைவேந்தல் கூட்டம். தலைவரே வராரு. நீ ரெண்டு நிமிசம் பேசுனா போதும். தலைவரு ஜெனீவா போறாரு, தெர்தா? உன் ஊட்டுக்காரர் பேரை அங்க வெச்சுக் கேப்பாரு."

எத்தனையோ முறை மாட்டேன் என்று சொன்னவள்தான். ஸ்டேஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போகாதே என்பார்கள். பதிவை நிறுத்திவிட்டால் எங்கே போவேன். ஆனால் இவர் பெயரை ஒருவர் அங்கே வாசிப்பார். கேள்வி கேட்க அதிகாரம் உள்ள ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், தவராசா எங்கே என்று கேட்பார். நான் ஒரு ஆசைக்காரி. ஒப்புக்கொண்டேன்.

"எத்தினி பேரு போயிட்டாங்க உன் ஊட்ல?" என்றார் சேகர். நான்கு என்றேன். யார் யார் என்று கேட்டார். சொன்னேன். ரூபனைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"அது வாணாம்க்கா. மேடைக்கு ஒத்து வராது. தலைவரு கோச்சிக்குவாரு. மூணுன்னு வெச்சுக்கலாம்."

"ஏன் வைக்க வேணும்? நாலு பேரல்லோ."

"யக்கா, எதிரிக்கு நாமளே எட்துக் குடுத்த மாரி ஆயிடும். ஆமிக்காரன் இன்னா பண்ணானோ அத்த மட்டும் சொல்லு."

அன்று இரவு கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அங்கே ஒரு அரசாங்கம் ஒருவரும் சாகவில்லை என்றது. இங்கே ஒருவர் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். என் வீட்டில் போனவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு. ரூபனைச் சொன்னால் என் மனுசன் பெயர் ஜெனீவா போகாது. சொல்லாவிட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது. அம்மா பிடித்த அந்தக் கால் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேடைக்குப் போகிற வரைக்கும் முடிவு செய்யவில்லை. மைக்கைக் கையில் வாங்கினதும் முடிவு தானாக வந்துவிட்டது. நான்கையும் சொல்வேன்.

சாயங்காலம். டியூப் லைட். பின்னால் பெரிய பேனர், அதில் தலைவர் பெரிதாக, எரிகிற கூடாரங்கள் சிறிதாக. நாற்காலிகளில் ஆட்கள். கோமதி முன் வரிசையில், முந்தானையைக் கடித்துக்கொண்டு. தலைவர் சுடர் ஏற்றினார். கண் மூடி நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஈழத்துத் தாய் என்றார்கள்.

அம்மாவைச் சொன்னேன். சுகியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்பத்தூர் போய்விட்டது. மண் வாசம் வந்தது. பச்சை பஸ்ஸைச் சொன்னேன். கூட்டம் அசையவில்லை. "எனக்கு இன்னொருவரும் இருந்தவர். என்ர தம்பி. அவனைக் கொண்டுபோனது..."

"தலைவரே, செல் அடிக்குது!"

சேகர்தான். மேடை ஓரத்தில் இருந்து. தலைவருடைய போன் அவர் கையில் இருந்தது. யாரோ பெரிய இடம் போலிருக்கிறது. சேகர் எங்கள் தையல் வரிசையில் வேலை செய்கிறவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"விழுந்து படுங்கோ!"

என் வாய்தான் கத்தியது. மைக்கில். ஸ்பீக்கர் எல்லாம் அதிர்ந்தது. நான் மேடையில் குப்புற விழுந்தேன். கைகளால் பலகையைப் பறித்தேன். மண் என்று நினைத்து. கண்ணுக்குத் தெரிந்தது அரக்கு நிறத் துணி. அது மேடைக்கு விரித்த கம்பளம்.

கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. பிறகு கைதட்டினார்கள். விசில்கூட வந்தது. நடிக்கிறேன் என்று நினைத்தார்கள். நடித்துக் காட்டுகிறேன் என்று. கோமதி மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடைக்கு ஏறி ஓடி வந்தாள். "யோவ்! தட்டாதிங்கையா! தட்டாதிங்க! அவ நெசமா வுழுந்துகீறாய்யா!" யாருக்கும் கேட்கவில்லை. மைக் என் கையில் இருந்து தலைவர் கைக்குப் போயிருந்தது.

அவர் ஒரு கையால் என்னைத் தூக்கினார். மற்றக் கையால் மைக்கைப் பிடித்தார். நல்ல குரல் அவருக்கு. மூன்று உயிரைப் பறிகொடுத்த தாய் இவள் என்றார். கொன்றவர்களைக் கூண்டில் ஏற்றும்வரை ஓயமாட்டேன் என்றார். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சால்வையில் பன்னீர் வாசம். நான்கு, நான்கு என்று அவர் தோளில் சொல்லிக்கொண்டே இருந்தேன். குனிந்து, "சரிம்மா, சரிம்மா" என்றார்.

விழுந்த படம்தான் நின்றது. வாட்ஸ்அப்பில் போனது. அம்பத்தூரில் இருந்து ஆவடி வரைக்கும் பேனர் வைத்தார்கள். கீழே நான் கிடக்கிறேன். மேலே அவர் கை நீட்டுகிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். வேலைக்குப் போகிற பஸ்ஸில் யன்னலுக்கு வெளியே என்னையே தாண்டிப் போவேன். ஸ்டேஷனில் கூப்பிட்டு, இனிமேல் இப்படிப் போனால் பதிவு போய்விடும் என்று திட்டி அனுப்பினார்கள்.

தேர்தல் வந்தது. அவருடைய கூட்டணி ஜெயித்தது. ஜெனீவா போனாரா, தெரியாது. நான் அவர் அலுவலகத்துக்குப் போனேன். கோமதி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். டீ வரவழைத்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் மனுசன் பெயரை அங்கே கேட்டீர்களா என்றேன்.

"அம்மா, இப்ப சூழ்நிலை வேற. அது ரெண்டு நாட்டு விவகாரம். டெல்லியில பேசணும். பழசையே பேசிட்டு இருந்தா அங்க இருக்கிற சனத்துக்குத்தான் கஷ்டம். எல்லாத்தையும் மறந்து முன்னே போகணும்."

மறந்து. அந்தக் கரையில் ஆட்சிக்கு வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீரர்களை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தமாட்டோம், மறந்து முன்னே போவோம் என்று. ஆள் மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடலின் இரண்டு பக்கமும் தலைவர்மார் ஒத்துப்போவதை அன்றுதான் கண்டேன்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. என் தம்பியை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, அதையும் யாராவது விசாரிக்க வேண்டும் என்றேன். அவர் கதவைப் பார்த்தார்.

"அதெல்லாம் வெளியே சொல்லாதீங்கம்மா. எதிரிக்குச் சாதகமாப் போயிடும்."

"ஆர் எதிரி? என்ர தம்பியா?"

அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினார். வெகு நேரம் பேசினார். டீ ஆறியது. கோமதி என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எங்களுக்கு எதிரே அந்த பேனர். வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கோமதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்.

"யக்கா, உன் தம்பி பேரு இன்னா?"

ரூபன் என்றேன்.

"அன்னிக்கு மேடைல அவனைச் சொல்ல வந்த. பாதில நின்னுபோச்சு. நான் அத்தையே நெனைச்சுகினு கீறேன். இப்ப சொல்லு. முழுசா சொல்லு. பஸ் போனா போவுது."

சொன்னேன். அரிசிச் சாக்கில் இருந்து, கையில் மிஞ்சிய சட்டை வரைக்கும். இரண்டு பஸ் போனது. இடையில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆமி என்றபோதும் அழுதாள், இயக்கம் என்றபோதும் அழுதாள். அவளுக்கு எந்தப் பக்கத்தையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. எழுதி வைக்கா என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். யாராவது ஒருநாள் கூண்டில் ஏறுவார்கள் என்ற நம்பிக்கையில் இல்லை. அந்த நம்பிக்கை எனக்குக் குறைந்துபோனது. எண்ணிக்கையை வேறு யாரும் எனக்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இனி எண்ணுகிறேன்.

கூறைச் சீலை ஒன்று. அரக்கு நிறம். மண் மூட்டையாகிப் போனது.

தாலிக்கொடி ஒன்று. முகாமில் விற்றேன். மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு சோடி. புதுசு. போடவே இல்லை.

அம்மா. சிவபாக்கியம். ஆமியின் செல்.

மகள். சுகன்யா. ஆறு வயது. அதே செல்.

கணவர். தவராசா. ஆமியிடம் என் கண் முன்னால் பஸ் ஏறினார். செத்தார் என்று நான் கையெழுத்து வைக்கமாட்டேன். எங்கே என்று சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சம்பளம் வாங்குகிறார்கள், பென்ஷன் வாங்குகிறார்கள்.

தம்பி. ரூபன். பதினேழு வயது. இயக்கம் இழுத்துக்கொண்டு போனது. அக்கா விடாதேங்கோ என்றான்.

அந்த நாட்டு ரேடியோவில் ஒருவரும் இல்லை. இந்த ஊர் மேடையில் மூன்று பேர்.

நான்கு பேர். விடமாட்டேன்டா ரூபன். நான்கு பேர்.